சுலோசனா கன்ஸ்ட்ரக்ஷன்ஸ்

பரவால்லக்கா, ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. மலைப்பாதையில வெளிய பாத்தா எனக்குத் தலை சுத்தும். பையை மடியிலயே வச்சுக்கறேன், கனமெல்லாம் இல்ல. ரெண்டு புடவை, ஒரு துண்டு, சோப்பு, மாத்திரை. அவ்ளோதான். நீங்க எதுவரைக்கும்? புங்கனூரா? நான் பலமனேர்லயே இறங்கிடுவேன். ஒரு கையெழுத்து போடணும், சாயங்காலம் இதே பஸ்ல திரும்பிடுவேன்.

எங்கயா? போலீஸ் ஸ்டேஷன்லதான். ஐயோ, அப்படிப் பாக்காதீங்க. நான் ஒண்ணும் பண்ணல. நான் கான்ட்ராக்டர்.

ஆமாக்கா, நானேதான். சிரிக்காதீங்க. சுலோசனா கன்ஸ்ட்ரக்ஷன்ஸ்னா நான்தான். கரண்டி பிடிக்கிற கைக்குக் கலவைக் கரண்டி எப்படி வந்துதுன்னு எங்க தெருவுல எல்லாரும் கேட்டாங்க. எல்லாம் எங்க கொழுந்தனார் குடுத்த வாழ்வு. இப்ப குடியாத்தம் பஸ் ஸ்டாண்டுல என்னை ஏத்திவிட்டாரே, வெள்ளைச் சட்டை போட்டு, தண்ணி பாட்டில்கூட வாங்கி ஜன்னல் வழியா குடுத்தாரே, அவர்தான். தாமோதரன். பஸ் கிளம்பற வரைக்கும் நின்னார் பாத்தீங்களா? அவர் நல்லவருக்கா.

எங்க வீட்டுக்காரர் மாவு மில் வச்சிருந்தார். திடீர்னு ஒரு நாள் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவர்தான், எழுந்திருக்கல. அப்ப எம் பொண்ணு மோனிஷா ஸ்கூல் படிச்சிட்டிருந்தா. சொந்தக்காரங்க காரியம் முடிஞ்சதும் செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. இவர்தான், "அண்ணி, நீங்க ஏன் தனியா கிடக்கணும், மாடியில வந்து இருங்க"ன்னார். அன்னையிலருந்து அவர் வீட்டு மாடிதான். மோனிஷாவை பி.காம் படிக்க வச்சதும் அவர்தான். சித்தப்பான்னா அவளுக்கு உசுரு.

கட்டடத் தொழில்ல அவர் அளவுக்குக் கஷ்டப்பட்டவர் யாரும் இல்ல. அவருக்கு ராசி இல்லக்கா, அவ்ளோதான். வேலையில ஒரு குறை சொல்ல முடியாது. முதல்ல நம்ம பக்கத்துலயே, ஆம்பூர்ல, ரங்கநாதன்னு ஒரு பார்ட்னரோட பேர்ல பண்ணிட்டிருந்தார். ஒரு தண்ணித் தொட்டி கட்டினாங்க. அது நிக்கல. கீழ டீக்கடை இருந்துது. கேஸாயிடுச்சு. கேஸுன்னதும் அந்த ரங்கநாதன் ராத்திரியோட ராத்திரியா ஊரை விட்டு ஓடிட்டான். இன்னை வரைக்கும் எங்க இருக்கான்னு தெரியாது. அவன் பொண்டாட்டி இப்ப இட்லி சுட்டு விக்கறா. "பார்ட்னரை நம்பினேன், அண்ணி, நட்டாத்துல விட்டுட்டான்"னு இவர் அழுதார். நான் பாத்தேன், கண்ணுல தண்ணி.

அப்புறம் கர்நாடகா போனார். பங்காரப்பேட்டை பக்கம். அங்க அவர் மாமனார் பேர்ல எடுத்தார். ஏன்னு கேட்டீங்கன்னா, அங்கத்திய விலாசம் உள்ளவங்க பேர்ல எடுத்தா லேசாம். அதுவும் ராசியில்ல. மண்ணு வேற மண்ணாம். நம்ம ஊர்ல தோண்டற ஆழம் அங்க பத்தாதாம். சுவரு சாய்ஞ்சுது. மாமனார் வயசான மனுஷன், போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்க. இவர் நாயா பேயா அலைஞ்சார். வக்கீல் வச்சார். ஆனா அந்தப் பெரியவருக்குச் சர்க்கரை, உள்ளயே படுத்துட்டார். பொணமாத்தான் வந்தார். அதுக்கு என்ன பண்ண முடியும் சொல்லுங்க? ஆனா இவர் பொண்டாட்டி விஜயா இருக்காளே, அப்பன் போன துக்கத்துல வாய்க்கு வந்தபடி பேசிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. நன்றி கெட்ட குடும்பம்க்கா. இத்தனை வருஷம் வச்சு வாழ்ந்தவரைப் பாத்து "நீ அடுத்து யாரை அனுப்பப் போற"ன்னு கேட்டாளாம். கட்டின புருஷனைப் பாத்துக் கேக்கற கேள்வியா அது?

நான் அன்னைக்கே நினைச்சேன், இவருக்கு நம்மள விட்டா யாரு இருக்கான்னு.

அதனாலதான், ஒரு நாள் சாப்பிட உக்காந்தவர், "அண்ணி, ஆந்திராவுல ஒரு வேலை வருது, உங்க பேர்ல எடுக்கட்டுமா"ன்னு கேட்டப்ப, நான் யோசிக்கவே இல்ல. எனக்கு என்ன தெரியும்னு மட்டும்தான் கேட்டேன். "உங்களுக்குத் தெரியவே வேணாம், எல்லாம் நான் பாத்துக்கறேன். பொம்பள பேர்ல எடுத்தா மரியாதை"ன்னார்.

அவர் எனக்கு எல்லாத்தையும் விளக்கமா சொல்வார்க்கா. ஒவ்வொரு ஸ்டேட்டும் தனி ராஜ்ஜியம் மாதிரியாம். இங்க எடுத்த லைசென்ஸ் அங்க செல்லாது. வெளி ஸ்டேட் ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து வேலை வாங்கினா அதுக்குத் தனியா லேபர் ஆபீஸ்ல அனுமதி வாங்கணும். அந்த ஊரு இன்ஜினியர் ஒருத்தர் பேரு போர்டுல இருக்கணும். போலீஸ் வேற, கோர்ட்டு வேற, பாஷை வேற. "பெரிய தலைவலிதான் அண்ணி. ஆனா இதுல ஒரு நல்லதும் இருக்குது. ஒரு ஸ்டேட்ல கெட்ட பேரு இன்னொரு ஸ்டேட்டுக்கு வந்து சேராது"ன்னு சிரிச்சார். எதுலயும் நல்லதைப் பாக்கிற மனசு.

ஒரு காலேஜுக்கு லேடீஸ் ஹாஸ்டல். பலமனேர்லருந்து உள்ளே போகணும், ஏரிக்கரை ஓரம். ரோட்டுமேல பெரிய போர்டு வச்சாங்க. தெலுங்குல என் பேரு. எனக்குப் படிக்கத் தெரியாது, இவர்தான் ஒவ்வொரு எழுத்தா விரலை வச்சுக் காட்டினார். சு, லோ, ச, னா. ரேஷன் கார்டைத் தவிர எம் பேரை நான் வேற எங்கயும் பாத்ததில்லக்கா. அழுகை வந்துடுச்சு.

அந்த மழைக்காலம் முழுக்க நான் அங்கதான் இருந்தேன். ஆபீசருங்க வந்தா முதலாளி அங்க இருக்கணுமாம். பக்கத்துல ஒரு வீடு எடுத்துக் குடுத்தார். காலையில குளிச்சு, நல்ல புடவை கட்டிக்கிட்டு சைட்டுல சேர் போட்டு உக்காருவேன். ஆளுங்க எல்லாம் "மேடம், மேடம்"னு எழுந்து நிப்பாங்க. லேபர் ஆபீஸ்லருந்து ஒருத்தர் ஒரு வாட்டி வந்து தெலுங்குல என்னவோ கேட்டார். நான் இவருக்குப் போன் போட்டுக் குடுத்தேன். பேசினதும் போயிட்டார். போர்டுல பேரு போட்டிருந்த இன்ஜினியரை மட்டும் நான் கடைசி வரைக்கும் பாக்கல. பெரிய இன்ஜினியரு, பல சைட்டு இருக்கும் போல.

ஆளுங்க எல்லாம் ஒடிசா. நம்ம ஆளுங்க இப்ப எங்க வர்றாங்க? புருஷன் பொண்டாட்டியா வந்திருந்தாங்க. அதுல ஒருத்தி பேரு சுகாந்தி. நம்ம ஊரு பேரு மாதிரியே இருக்குது இல்ல? மோனிஷா வயசுதான் இருக்கும். புருஷன் சென்ட்ரிங் வேலை, இவ ஜல்லி சுமப்பா. எம் மேல ஒரு ஒட்டுதல் அவளுக்கு. டீ போட்டா எனக்குத்தான் முதல்ல கொண்டு வந்து குடுப்பா. நான் ஒரு புடவை குடுத்தேன். பச்சைப் புடவை, ரெண்டு வாட்டிதான் கட்டியிருப்பேன். அவ சந்தோஷத்தைப் பாக்கணுமே. அன்னைக்கே கட்டிக்கிட்டு வந்து என் கால்ல விழுந்தா.

மேல்தளம் கான்கிரீட் போட்டாங்க. பூசணிக்காய் உடைச்சது நான்தான். போட்டு முடிச்ச அன்னைக்கே பிடிச்ச மழைக்கா, விடவே இல்ல. வெயில் மூஞ்சியே காட்டல. தகரக் கொட்டாயெல்லாம் ஒழுகுது. பாவம், அதுங்க புதுக் கட்டடத்துக்குள்ள வந்து உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சுதுங்க. தளத்தைத் தாங்கற முட்டுக் கட்டைங்களுக்கு நடுவுல உக்காந்து சாப்பிடும். நான்தான் "உக்காரட்டும் விடுங்க"ன்னேன். மனசு கேக்கல.

அந்த சமயத்துல இவருக்குக் கோலார்ல ஒரு சைட்டு அவசரம். அது வேற ஸ்டேட்டு, வேற ஒருத்தர் பேருல ஓடிட்டிருந்துது. அங்க தளம் போட சென்ட்ரிங் முட்டும் தகடும் பத்தல. புதுசா வாடகைக்கு எடுக்கலாம்னா, அங்க ஒண்ணும் கிடைக்கலையாம். இங்கருந்து லாரியில கொண்டு போகணும். போன்ல சொன்னார், "அண்ணி, நாளைக்கு மேஸ்திரி உங்களுக்குப் போன் பண்ணி சென்ட்ரிங் பிரிக்கலாமான்னு கேப்பான். பிரிச்சுடுன்னு சொல்லிடுங்க. முதலாளி வாயால வந்தாதான் அவங்களுக்கு மதிப்பு. தெலுங்குல சொல்லுங்க, இன்னும் கெத்தா இருக்கும்"னார். தீசேயண்டி. அப்படின்னா எடுத்துடுங்கன்னு அர்த்தம். நான் கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்தேன். தீசேயண்டி, தீசேயண்டி. சொல்லும்போதே சிரிப்பு வந்துது.

சொன்ன மாதிரியே மேஸ்திரி நரசிம்முலு பண்ணினான். நான் வராண்டாவுல உக்காந்திருக்கேன், அவன் கண்ணுக்கு எட்டுற தூரத்துல நிக்கறான், ஆனா போன்லதான் கேக்கறான். நேர்ல வந்து கேட்டா என்னன்னு தோணிச்சு. மரியாதைக்குப் போன்ல கேக்கறான் போலன்னு நினைச்சேன். "மேடம், மழை விடல, பிரிக்கட்டுமா?"ன்னான். "தீசேயண்டி"ன்னேன். அவ்ளோதான்.

அவங்க முட்டுங்களை எடுக்க ஆரம்பிச்சாங்க. லாரி வந்து நின்னுது. அப்ப இந்த சுகாந்தி ஓடி வந்தா. எங்கிட்ட வந்து கையைப் பிடிச்சு இழுக்கறா. மேல தளத்தைக் காட்டறா, முட்டுக் கட்டையைக் காட்டறா, அவ பாஷையில என்னென்னவோ சொல்றா. எனக்கு ஒரு வார்த்தை புரியல. நான் ஹிந்திகூட படிக்கல. பசிக்குது போலன்னு நினைச்சு ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக் குடுத்தேன். வாங்கிக்கல. என் மூஞ்சியையே பாத்தா. அப்புறம் போயிட்டா. திமிரு பாருன்னு நினைச்சேன்.

மறுநாள் மதியம். மழை. எல்லாம் உள்ளதான் உக்காந்து சாப்பிட்டுட்டிருந்தாங்க.

சத்தம்னா, இடி மாதிரின்னு சொல்வாங்களே, அப்படியெல்லாம் இல்லக்கா. பெரிய கதவைச் சாத்தின மாதிரி ஒரு சத்தம். அவ்ளோதான். அப்புறம் தூசி. அந்த மழையிலயும் தூசி. சுகாந்தி வெளியில குழாயடியில தட்டு கழுவிட்டிருந்தா. அவ புருஷன் உள்ள. ஒருத்தர், ரெண்டு பேருன்னு முதல்ல சொன்னாங்க. அப்புறம் எண்ணிச் சொல்றதையே நிறுத்திட்டாங்க.

இவர் உடனே கார் அனுப்பினார். டிரைவர் என்னைப் பின் சீட்டுல படுக்க வச்சு, போர்வை போத்தி, செக்போஸ்ட் தாண்டிக் கொண்டு வந்து வீட்டுல விட்டான். இவர்தான் பக்கத்துல உக்காந்து, "அண்ணி, ஒரு நல்லதை நினைச்சுப் பாருங்க. ஹாஸ்டல் பொண்ணுங்க குடி வந்தப்புறம் விழுந்திருந்தா?"ன்னார். அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துது.

ஆனா எனக்கு ஆறாதது என்னன்னா, இந்த சுகாந்திதான்க்கா. போலீஸ் வந்து யாரு முதலாளின்னு கேட்டிருக்காங்க. நரசிம்முலு ஓடிட்டான். இவரை அந்த சைட்டுல யாரும் அதிகமா பாத்ததில்ல. அவ என்ன பண்ணியிருக்கா தெரியுமா, ரோட்டுக்குப் போய் அந்த போர்டைக் காட்டியிருக்கா. அப்புறம் நான் உக்கார்ற சேரைக் காட்டியிருக்கா. "மேடம், மேடம்"னு. நான் குடுத்த அதே பச்சைப் புடவையைக் கட்டிக்கிட்டு. பேப்பர்ல போட்டோ வந்துது, பாத்தேன். நான் அவளுக்கு என்ன கெடுதல் பண்ணினேன் சொல்லுங்க? எம் பொண்ணுக்குக் குடுக்கற மாதிரி குடுத்தேன்.

சைனகுண்டா வந்துடுச்சு. இனிமே ஆந்திரா. இங்க டவர் கிடைக்காது.

என்ன கேட்டீங்க? ஆமா, நம்ம ஊருக்கே வந்தாங்க, அந்த ஸ்டேட் போலீஸ். குடியாத்தம் ஸ்டேஷன்ல வச்சுதான் விசாரிச்சாங்க. மரியாதையாத்தான் பேசினாங்க. சைட்டுல கிடைச்ச ஒரு போன்லருந்து என் குரலைப் போட்டுக் காட்டினாங்க. நரசிம்முலு எப்பவும் பேசறதைப் பதிவு பண்ணி வைக்கிற பழக்கமாம். "மழை விடல, பிரிக்கட்டுமா?" "தீசேயண்டி." இது உங்க குரல்தானான்னு கேட்டாங்க. எனக்கே ஆச்சரியமாப் போச்சுக்கா. அவ்ளோ கம்பீரமா இருந்துது. ஆமான்னேன். பின்ன, இல்லன்னு எப்படிச் சொல்றது? என் குரல்தானே.

உங்க கொழுந்தனாருக்கும் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம்னும் கேட்டாங்க. எல்லாம் நான்தான் பாத்துக்கறேன்னு சொன்னேன். அப்படித்தான் இவர் சொல்லச் சொன்னார். அவர் வெளியில இருந்தாத்தானே எனக்காக ஓட முடியும்? வக்கீலும் அதையேதான் சொன்னார். முன்ஜாமீன்கூட நம்ம ஊர்க் கோர்ட்டுல கேட்டா பிரயோஜனம் இல்லையாம். சம்பவம் எங்க நடந்துதோ அந்த ஸ்டேட்டுலதான் கேக்கணுமாம். "அதெல்லாம் போட்டாச்சு அண்ணி, கிடைச்ச மாதிரிதான். இன்னைக்குப் போய் ஒரு கையெழுத்து போட்டுட்டு வந்துடுங்க, வக்கீல் பஸ் ஸ்டாண்டுலயே நிப்பார்"னார். கிடைச்ச மாதிரின்னா கிடைச்சிருக்கும்தானே? நீங்க படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, அதான் கேக்கறேன்.

அவர் ஏன் கூட வரலையா? அவருக்கு இன்னைக்கு வேலூர்ல வேலைக்கா.

நகையா? காலையில அவர்தான் கழட்டி வச்சுட்டுப் போகச் சொன்னார், பஸ்ல திருட்டு ஜாஸ்தின்னு. கம்மல்கூட வேணாம்னுட்டார். ஆமா, மாத்திரை ஒரு மாசத்துக்கு இருக்குது. பிரஷர் மாத்திரை. அவரே மெடிக்கலுக்குப் போய் வாங்கிட்டு வந்து பையில வச்சார். இருக்கட்டும் அண்ணி, எதுக்கும்னார். எத்தனை பேரு வீட்டுல கொழுந்தன் இதெல்லாம் நினைச்சுப் பாப்பான்?

ஏன்க்கா என் பையையே பாக்கறீங்க?

நல்ல விஷயம் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. தெலங்கானாவுல அவருக்குப் புதுசா ஒரு வேலை வந்திருக்குது. அது இப்ப தனி ஸ்டேட்டு ஆயிடுச்சே, அங்க தனியா எல்லாம் எடுக்கணும். என் பேரு இந்தக் கேஸ்ல மாட்டிக்கிச்சு, இனிமே ஆகாது. அதனால மோனிஷா பேர்ல எடுக்கறார். மோனிஷா பில்டர்ஸ். இன்னைக்கு மத்தியானம் வேலூர்ல ஆடிட்டர் ஆபீஸ்ல அவ கையெழுத்து போடறா. அதுக்குத்தான் அவர் என்கூட வரல. காலையில அவ தலைக்குக் குளிச்சு, என் பட்டுப்புடவையைக் கட்டிக்கிட்டு நின்னா. "அம்மா, போர்டுல என் பேரு எந்த பாஷையில வரும்?"னு கேட்டா. அதே தெலுங்குதான்டின்னேன்.

இருபத்திரெண்டு வயசுக்கா. எவ்ளோ சந்தோஷம் அவளுக்கு.

என்ன? திரும்பச் சொல்லுங்க, பஸ் சத்தத்துல கேக்கல.

இல்லக்கா. நீங்க தப்பா நினைக்கறீங்க. அவரைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. நீங்க இப்பத்தான் அவரை ஜன்னல் வழியா பாத்தீங்க, நான் இத்தனை வருஷமா பாக்கறேன். அந்த விஜயா மாதிரியே பேசறீங்களே. அவர் வேணும்னு பண்ணுவாரா? ராசி இல்ல, அவ்ளோதான். ரங்கநாதன் அவனா ஓடினான். மாமனாருக்குச் சர்க்கரை. எனக்கு...

எனக்கு ஒண்ணும் இல்ல. சாயங்காலம் திரும்பிடுவேன்.

தண்ணி குடிக்கறீங்களா? அவர் வாங்கிக் குடுத்ததுதான்.

காடு முடிஞ்சுடுச்சு. டவர் வந்திருக்கும். மோனிஷாவுக்கு ஒரு போன் போடறேன், சும்மாத்தான். சாப்பிட்டாளான்னு கேக்கலாம். ரிங் போகுது. எடுக்கல. கார்ல போயிட்டிருப்பா, சித்தப்பா பாட்டை சத்தமா வைப்பார். அவருக்குப் போடறேன். பிஸின்னு வருது. திரும்பப் போடறேன். சுவிட்ச் ஆஃப். சார்ஜ் இருந்திருக்காது.

ஊரு வந்துடுச்சு. அதோ, டீக்கடைகிட்ட நிக்கறார் பாருங்க, கறுப்புக் கோட்டு, வக்கீல். சொன்ன மாதிரியே வந்திருக்கார். பக்கத்துல ரெண்டு லேடீஸ் போலீஸ். ஜீப்பும் நிக்குது. நான் தனியா வர்றேன்னு துணைக்கு ஏற்பாடு பண்ணியிருப்பார். இருக்கும்க்கா. அப்படித்தான் இருக்கும். அதுல ஒரு போலீஸம்மா பஸ்ஸுக்குள்ளயே ஏறி வர்றாங்களே, நானே இறங்க மாட்டேனா?

அக்கா, உங்க போனை எடுங்க. சீக்கிரம். மோனிஷா நம்பர் சொல்றேன், போட்டுக்கங்க. என் போனை இவங்க வாங்கி வச்சுக்குவாங்க போல. நான் பயப்படல. சும்மா ஒரு வார்த்தை. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட ஒரு தடவை பேசச் சொல்லுங்க. அம்மா பேச முடியலன்னா, போட வேணாம்னு சொல்லுங்க. அவ எடுக்கற வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருங்கக்கா.

சித்தப்பா பக்கத்துல இருந்தா மட்டும் சொல்லாதீங்க.